போர்வெல் போடறதுக்கு முன்னாடி தண்ணிக்காகப் பாக்கற சர்வே உண்மையா, ஏமாத்து வேலையா? (காரிமங்கலம் பக்கம்)

மாந்தோப்பு_காரிமங்கலம் — 6 ஏப்ரல் 2025, மாலை

காரிமங்கலத்துல இருந்து உள்ள தள்ளி 3 ஏக்கர், பெங்களூராவும் செந்தூராவும் கலந்த தோப்பு. ரெண்டு போர் போட்டோம், ரெண்டும் வெறும் புகை. முதல் பாயிண்ட் தேங்காய் வெச்சு பாத்தது. ரெண்டாவதுக்கு ஒருத்தர் மெஷின் கொண்டாந்து வெச்சு, "650 அடியில 3 இஞ்ச் தண்ணி"ன்னு பேப்பர்லயே எழுதிக் கொடுத்தார். 800 வரைக்கும் ஓட்டியும் ஈரம்கூட வரல. நான் சொல்றேன், சர்வேங்கறதே ஏமாத்து வேலை, தேங்காய்க்கும் மெஷினுக்கும் வித்தியாசம் கிடையாது. மறுக்கறவங்க காரணத்தோட சொல்லுங்க.

பாறைக்கோடு — 6 ஏப்ரல் 2025, இரவு

மறுக்கறேன். ஜியாலஜி படிச்சுட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரைத் தூக்கிட்டு சுத்தற ஆளு நான். இது எனக்கு சோறு போடற தொழில், அதையும் தெரிஞ்சுக்கிட்டே படிங்க.

இந்த ரெசிஸ்டிவிட்டி மெஷின் தண்ணியைப் பாக்கறது இல்ல. பூமிக்குள்ள கரண்ட் சுலபமா போகுதா, முரண்டு பிடிக்குதான்னு மட்டும்தான் அளக்கும். அந்த முரண்டுக்குப் பேருதான் ரெசிஸ்டிவிட்டி, அதை ஓம் மீட்டர்ல சொல்லுவோம், எண் கூடினா கரண்ட் போறது கஷ்டம்னு அர்த்தம். ஈரமான சுக்கான்ல, அதாவது மக்கின பாறையில, கரண்ட் நல்லா போகும், களிமண்லயும் போகும், உப்புத் தண்ணியில இன்னும் நல்லா போகும், கெட்டிப் பாறையில போகவே போகாது. 30 ஓம் மீட்டர்னு ஒரு எண் வந்தா அது தண்ணி நிக்கற சுக்கானாவும் இருக்கலாம், தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வெளியவே விடாத களியாவும் இருக்கலாம். எதுன்னு சொல்ல அந்தப் பக்கத்து பாறையையும் கிணத்தையும் தெரிஞ்ச ஆளு வேணும். உங்களுக்கு 3 இஞ்ச்னு எழுதிக் கொடுத்தவர்கிட்ட, எந்த எண்ணைப் பாத்து எழுதினீங்கன்னு கேட்டீங்களா? தரைக்கு மேல நின்னுக்கிட்டு இஞ்சை, அதாவது மணிக்கு எவ்வளவு தண்ணி வரும்ங்கறதை, அளக்கற கருவி எங்கயும் கிடையாது.

பாறைக்கோடு — 7 ஏப்ரல் 2025, காலை

நேத்து பாறையைப் பத்தி பேசாமலே மெஷினுக்குப் போயிட்டேன், அதை முதல்ல சொல்லணும்.

நம்ம ரெண்டு மாவட்டமும் பழைய கெட்டிப் பாறை மேல உக்காந்திருக்கு. நைஸ், சார்னோகைட், கிரானைட், அதுக்கு நடுநடுவுல சுவர் மாதிரி குறுக்கா ஓடற கருங்கல், அதுக்கு டைக்னு பேரு. பிக்கிலி மலை, சாமல்பட்டி பக்கம் சைனைட், கார்பனடைட்னு வேற வகைப் பாறையும் இருக்கு. தஞ்சாவூர் மாதிரி மணல் அடுக்கு கிடையாது, அதனால பூமிக்கடியில ஆறு ஓடுதுங்கற பேச்சே நம்ம பக்கம் பொருந்தாது. இங்க தண்ணி நிக்கறது ரெண்டே இடத்துல. ஒண்ணு மேல இருக்கற சுக்கான், அதாவது மக்கி உதிர்ந்துபோன பாறை. இன்னொண்ணு அதுக்குக் கீழ பாறையில இருக்கற வெடிப்பு, போர் போடற ரிக் வண்டிக்காரங்க பாஷையில கேப்.

இந்த சுக்கான் எல்லா இடத்துலயும் ஒரே தடிப்பா இருக்காது, அவசரத்துல ஊத்தின தோசை கணக்கா ஒரு பக்கம் மெலிசா ஒரு பக்கம் மொத்தமா இருக்கும். ஒரே சர்வே நம்பர்லயே மேட்டுல 10 அடியில பாறை தட்டும், ஓடை ஓரத்துல மண்ணு சரியாம இருக்க 70 அடி கேசிங் குழாய் இறக்க வேண்டி வரும். சர்வே நல்லா கண்டுபிடிக்கறது இந்தத் தடிப்பைத்தான். இந்த வேலையில ரெசிஸ்டிவிட்டியை நான் கண்ணை மூடிட்டு நம்புவேன். ஆழத்துல இருக்கற கேப்பைக் கண்டுபிடிக்கறது வேற கதை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பறதுலதான் உங்க மாதிரி ஆளுங்க காசு போகுது.

பாறைக்கோடு — 7 ஏப்ரல் 2025, இரவு

பாலக்கோட்டுத் தம்பி ஒருத்தர் "650 அடி வரைக்கும் பாக்கவே முடியாதா அண்ணா"ன்னு கேட்டிருக்கார். கணக்கு போட்டுடலாம்.

ரெசிஸ்டிவிட்டியில நாலு கம்பி அடிப்போம். வெளிக்கம்பி ரெண்டுல கரண்ட் விடுவோம், உள்கம்பி ரெண்டுல வோல்டேஜ் பாப்போம். பிரான்ஸ் நாட்டு ஷ்லும்பர்ஜே 1912-ல ஆரம்பிச்சு வெச்ச வழி, இன்னைக்கும் அடிப்படை அதேதான். வெளிக்கம்பிகளை எவ்வளவு தள்ளி வெக்கறோமோ அவ்வளவு ஆழத்துக்கு கரண்ட் இறங்கும். தோராயமா, ரெண்டு வெளிக்கம்பிக்கு நடுவுல இருக்கற தூரத்துல நாலுல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோதான் நாம உருப்படியா பாக்கற ஆழம்.

இப்ப உங்க 3 ஏக்கர். சதுரமா இருந்தா ஒரு பக்கம் 110 மீட்டர், மூலைக்கு மூலை இழுத்தாக்கூட 155 மீட்டர். அதுல தெரியறது 30, 40 மீட்டர், அதாவது 100, 130 அடி. 650 அடின்னா 200 மீட்டர் ஆழம். அதுக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பக்கமா வயர் இழுக்கணும், பக்கத்து நாலஞ்சு தோட்டத்துக்குள்ள போகணும், நடுவுல வேலி, ரோடு, கிணறு எல்லாம் வரும். உங்க வரப்புக்குள்ளயே வயரைச் சுருட்டிட்டு 650 அடி பாத்தேன்னு யார் சொன்னாலும் கணக்கு இடிக்குது.

பாறைக்கோடு — 8 ஏப்ரல் 2025

மேல சொன்ன 100, 130 அடியை சட்டமா எடுத்துக்க வேண்டாம். மேல்மண் ரொம்ப காய்ஞ்சு கிடந்தா, இல்ல மேலயே களி இருந்தா, மாறும். இன்னொரு விஷயமும் சேக்கணும், வயரை நீளமா இழுத்துட்டா மட்டும் ஆழத்து கேப் தெரிஞ்சுடாது. 200 மீட்டர் ஆழத்துல அரை அடி, ஒரு அடி திறப்பு இருக்கற வெடிப்பு, மேல இருக்கற அத்தனை பாறையோட அளவுல கரைஞ்சு போயிடும், அளந்த எண்களை வெச்சு வரையற கர்வ்ல அசைவே காட்டாது. சிலர் கர்வ்ல சின்ன முறிவு இருந்தா இதோ கேப்னு விரல் வெச்சுக் காட்டுவாங்க. அந்த முறிவு ஒரு கம்பி மட்டும் ஈர மண்ணுல இறங்கினதால வந்திருக்கலாம், தரைக்குக் கீழ போற பழைய பைப்பால வந்திருக்கலாம். முறிவு வந்த இடத்துல வயரை முதல் கோட்டுக்குக் குறுக்கா போட்டு மறுபடி எடுத்தும் அதே ஆழத்துல வந்தா அப்ப நான் கொஞ்சம் காது கொடுப்பேன்.

பாறைக்கோடு — 9 ஏப்ரல் 2025

அந்த மெஷின் எப்படி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு தோப்புக்காரர் பதில் போட்டிருக்கார். சின்னப் பெட்டி, போன்ல கலர் கலரா படம், ரெண்டு கம்பியை 10 மீட்டர் தள்ளி வெச்சு நகத்திக்கிட்டே போனாங்களாம், அரை மணி நேரத்துல முடிஞ்சுதாம்.

இந்த வகை பெட்டி நாமளா கரண்ட் விடறது இல்ல, பூமியில இயற்கையா ஓடற மின்புலத்தை அளக்குது. இதுக்குப் பின்னாடி உண்மையான ஒரு முறை இருக்கு, அதுல மின்புலம், காந்தப்புலம் ரெண்டையும் சேத்து அளந்தாத்தான் ஆழத்தைக் கணக்குப் போட முடியும். இந்தப் பெட்டிங்க மின்புலத்தை மட்டும் எடுத்துட்டு ஆழத்தை ஒரு அனுமானத்துல போட்டுடுது. படத்துல பக்கவாட்டுல எங்க மாறுது, இந்தப் பக்கம் கெட்டி அந்தப் பக்கம் இளக்கம்னு சொன்னா ஓரளவு ஏத்துக்கலாம். ஓரத்துல போட்டிருக்கற அடிக்கணக்கை நம்பி ரிக் வண்டியைக் கூப்பிடறது எனக்கு சம்மதம் இல்ல. மோட்டார் ஓடிட்டு இருக்கற தோட்டத்துல, தலைக்கு மேல ஈபி லைன் போற இடத்துல எடுத்த படம்னா அது இன்னும் மோசம்.

பாறைக்கோடு — 9 ஏப்ரல் 2025, இரவு

ஈபி லைன்னு சொன்னதும் விஎல்எஃப் பத்தி ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி.

கடற்படை நீர்மூழ்கிக் கப்பலுக்கு தகவல் அனுப்பற ரொம்ப தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலை இருக்குல்ல, அதைப் பிடிச்சு பூமியில செங்குத்தா இறங்கற வெடிப்பைத் தேடறதுதான் விஎல்எஃப். நம்ம திருநெல்வேலி விஜயநாராயணத்துல ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990-ல இருந்து இருக்கு, அங்க இருந்து வர்ற அலையே போதும். கம்பி அடிக்க வேண்டாம், நடந்துக்கிட்டே எடுக்கலாம், ஒரு நாள்ல நிறைய நிலம் பாத்துடலாம். ஆனா ஒண்ணு, அலை வர்ற திசையை நோக்கி ஓடற வெடிப்புதான் பளிச்சுனு தெரியும். தர்மபுரிக்கு விஜயநாராயணம் கிட்டத்தட்ட நேர் தெற்கு. அதனால வடக்கு தெற்கா ஓடற வெடிப்பு மாட்டும், கிழக்கு மேற்கா ஓடறது நழுவிடும். விஎல்எஃப்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா நிலத்துல வெடிப்பே இல்லன்னு அர்த்தம் பண்ணிடாதீங்க.

பாறைக்கோடு — 12 ஏப்ரல் 2025

தேங்காய், வேப்பங்குச்சி பத்தி பதில் சொல்லாம ஓடறேன்னு அரூர்ல இருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கார். ஓடல ஐயா.

நம்ம ஊர்ல நீரோட்டம் பாக்கற பெரியவங்க பலபேர் நிலத்தை நல்லா தெரிஞ்சவங்க. எங்க ஓடை வளையுது, கோடையிலயும் எந்த வரிசையில மரம் பச்சையா நிக்குது, புத்து எங்க வரிசையா இருக்கு, யாரோட கிணறு கடைசியா வத்தும், எல்லாம் அவங்க மனசுல இருக்கு. நான் அவங்ககிட்ட உக்காந்து கேட்டிருக்கேன், உபயோகமாவும் இருந்திருக்கு. தேங்காய் நிமிந்து நிக்கறதுக்கும் அடியில இருக்கற தண்ணிக்கும் தொடர்பு இருக்குன்னு எனக்கு யாரும் காட்டினது இல்ல. சுக்கான் தடிமனா இருக்கற பள்ளத்துல கண்ணைக் கட்டிட்டு எங்க போட்டாலும் கொஞ்சம் தண்ணி வரும், அதை தேங்காயோட கணக்குல எழுதறாங்க. மேட்டுல பாறை மேல தோத்தா "உங்க ராசி"ன்னு சொல்லிடறாங்க. இந்த ரெண்டாவது பேச்சுதான் எனக்குக் கோபம் வரவைக்கும். கடன் வாங்கிப் போட்டவன்கிட்ட ராசியைப் பத்திப் பேசறது நியாயமே இல்ல.

பாறைக்கோடு — 13 ஏப்ரல் 2025

சர்வேக்கு ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி காசு செலவில்லாம நீங்களே பண்ற வேலை ஒண்ணு இருக்கு, நான் முதல் நாள் பண்றதும் இதுதான். உங்க நிலத்தைச் சுத்தி அரை கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஒவ்வொரு போரையும் கிணத்தையும் போய்ப் பாருங்க. தண்ணி வந்ததான்னு மட்டும் கேக்காதீங்க. கேசிங் எத்தனை அடி இறக்கினாங்கன்னு கேளுங்க, அதுதான் அந்த இடத்தோட சுக்கான் தடிப்பு. முதல் ஈரம் எத்தனை அடியில வந்துச்சு, கேப் எங்க விழுந்துச்சு, தூள் என்ன கலர், வெள்ளைக்கல் வந்துச்சா, இப்ப கோடையில எவ்வளவு நேரம் ஓடுது. தோத்துப்போன போரைப் பத்தி ரெண்டு மடங்கு அக்கறையா கேளுங்க. யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க, மனசு கஷ்டம், ஆனா அதுலதான் விஷயம் இருக்கு.

பாப்பாரப்பட்டி நண்பர் "அப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரனோட வரப்புத் தகராறை முடிச்சுட்டுத்தான் சர்வேயே பண்ணணும் போல"ன்னு எழுதியிருக்கார். சிரிச்சேன், ஆனா நிஜமாவே அப்படித்தாங்க. வயரும் அவர் நிலத்துக்குள்ள போகணும், போர் விவரமும் அவர்தான் சொல்லணும்.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல புள்ளி வெச்சு எழுதினா, பாதி சர்வே முடிஞ்சுது. மீதிக்கு இஸ்ரோவோட புவன் இணையதளத்துல நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் இருக்கு, 1:50,000 அளவுல பாறை வகை, நீளக்கோடு வெடிப்பு எல்லாம் குறிச்சிருக்கும். அந்த அளவுல உங்க 3 ஏக்கர் ஒரு சின்னப் புள்ளிதான், பாயிண்ட் குறிக்க உதவாது, ஆனா பெரிய வெடிப்புக் கோடு உங்க பக்கம் வருதா இல்லயான்னு தெரிஞ்சுக்கலாம். கூகுள் மேப் சாட்டிலைட் படத்துல கோடை மாசத்துப் படமா எடுத்துப் பாருங்க, காய்ஞ்ச நிலத்துல நேர்கோடா பச்சை ஓடினா அதைக் குறிச்சு வைங்க.

பாறைக்கோடு — 20 ஏப்ரல் 2025

டைக். இதைப் பத்தி எழுதாம நம்ம மாவட்டத்து சர்வேயைப் பேச முடியாது.

கிருஷ்ணகிரி பக்கம் கருப்பு கிரானைட் வெட்டி எடுக்கறாங்களே, அது பெரும்பாலும் இந்த டைக்தான், டோலரைட்னு பேரு. பழைய பாறையைக் கிழிச்சுக்கிட்டு சுவர் எழுந்து நிக்கற கணக்கா நீளமா ஓடும். நிலத்துல கருங்குண்டு கருங்குண்டா ஒரே வரிசையில கிடந்தா கீழ டைக் இருக்குன்னு சந்தேகப்படலாம். அதுக்குள்ளயே போர் போட்டா ஹேமர் தேயும், தண்ணி வராது. ஆனா சரிவுல இறங்கி வர்ற நிலத்தடி தண்ணியை அது தடுத்து நிறுத்தும், அதனால மேல்பக்கத்துல கிணறு நல்லா இருக்கும், கீழ்பக்கத்துல அதே ஆழத்துக்கு காய்ஞ்சு கிடக்கும். டைக்கும் பழைய பாறையும் சேர்ற ஓரம் சில இடத்துல நொறுங்கிப் போயிருக்கும், அங்க நல்ல கேப் மாட்டறதும் உண்டு.

மண்ணுக்கடியில மறைஞ்சு கிடக்கற டைக்கைக் காந்த சர்வே சுலபமாக் காட்டிடும், டோலரைட்ல இரும்புத்தாது இருக்கறதால. தோப்புக்காரரே, உங்க மேட்டுப்பக்கம் கருங்குண்டு வரிசை இருக்கான்னு பாத்துட்டு சொல்லுங்க. இருந்தா அது எந்தத் திசையில ஓடுது, உங்க நிலம் அதுக்கு மேல்பக்கமா கீழ்பக்கமான்னு தெரியணும். உங்க ரெண்டு போரும் தோத்ததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

பாறைக்கோடு — 22 ஏப்ரல் 2025

கருங்குண்டு இல்லையாம். சரி, டைக் கதையை இங்க விட்டுடறேன், வேற யாருக்காவது உதவும்.

பாறைக்கோடு — 3 மே 2025

இஞ்ச் கணக்கு பத்தி ஓசூர்ல இருந்து கேள்வி. "1 இஞ்ச் வந்தா 2 இஞ்ச்ல பாதிதானே?" இல்லங்க.

வி நாட்ச் தகடு வெச்சு அளந்தா, முக்கோண வெட்டுல தண்ணி நிக்கற உயரம்தான் இஞ்ச். உயரம் ஏற ஏற வெட்டும் அகலமாகுது. 1 இஞ்ச்னா மணிக்கு சுமார் 500 லிட்டர். 2 இஞ்ச் சுமார் 2,900 லிட்டர். 3 இஞ்ச் கிட்டத்தட்ட 8,000 லிட்டர். அதனால வாய்க்கு வந்தபடி 3 இஞ்ச்னு சொல்றவர் எவ்வளவு பெரிய சத்தியம் பண்றார்னு புரியுதா. ரிக் வண்டி கம்ப்ரசர் காத்துல ஊதித் தள்ளற தண்ணியை அன்னைக்கு மட்டும் பாத்துட்டு மோட்டார் சைஸ் முடிவு பண்றதும் தப்பு, அது வெடிப்புல தேங்கியிருந்த தண்ணி, நாலு நாள் ஓட்டிப் பாத்தாத்தான் உண்மையான வரத்து தெரியும்.

இதுலயே இன்னொரு கணக்கு. சுக்கான்ல 100 லிட்டர் இடத்துல நமக்கு இறைக்கக் கிடைக்கறது 1-லேர்ந்து 3 லிட்டர் தண்ணிதான், மீதி பாறைத்தூளும் அதோட ஒட்டிக்கிட்ட ஈரமும். 2 லிட்டர்னு வெச்சுக்கங்க. ஒரு ஏக்கர்ல 33 அடி கனத்துக்கு தண்ணி ஊறின சுக்கான் இருந்தா மொத்தமே சுமார் 8 லட்சம் லிட்டர். 2 இஞ்ச் போரை தினம் 8 மணி நேரம் ஓட்டினா 23,000 லிட்டர். அந்த ஏக்கருக்குக் கீழ இருக்கறது ஒரு மாசம், ஒரு மாசம் அஞ்சு நாள்ல காலி. அதுக்கப்புறம் ஓடறதெல்லாம் பக்கத்து நிலத்துக்குக் கீழ இருந்து வர்றது. சர்வே பாயிண்ட் எவ்வளவு சரியா இருந்தாலும், போன வருஷம் ஓடின போர் இந்த வருஷம் நிக்கறதுக்கு இதுதான் காரணம், யாரும் சூனியம் வெக்கல.

பாறைக்கோடு — 4 மே 2025

நேத்து எழுதினதுக்கு ஊத்தங்கரைக்காரர் கேட்டது: "2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல்ல எங்க ஊர்ல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, ஏரி உடைஞ்சுது, ரோட்டுல வண்டி மிதந்துச்சு. அப்புறம் எப்படி ஏப்ரல்லயே போர் இறங்குது?"

அதே கணக்கை வெச்சுப் பாருங்க. 100-க்கு 2 பங்கு இடம்தான் காலின்னா, 50 சென்டிமீட்டர் மழை மொத்தமும் உள்ள இறங்க 25 மீட்டர் கனத்துக்கு காய்ஞ்ச சுக்கான் வேணும். 82 அடி. நம்ம பக்கம் பல இடத்துல சுக்கானே அவ்வளவு கிடையாது, அதுலயும் பாதி ஏற்கெனவே வடகிழக்குப் பருவமழையில நனைஞ்சிருந்தது. ஒரு நாள்ல மண்ணு குடிக்கற வேகமும் கம்மி. அதனால பாம்பாறும் தென்பெண்ணையும் அதை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அதே மழை பத்து தடவையா பிரிஞ்சு பெஞ்சிருந்தா உங்க போர் இன்னும் ஓடிட்டு இருக்கும்.

பாறைக்கோடு — 11 மே 2025

கொஞ்சம் திசை மாறுது, ஆனா சொல்லாம விட மனசு வரல. ஆழம் ஆழம்னு போறவங்க ஃபுளோரைடை மறந்துடறாங்க.

நம்ம நைஸ் பாறையில பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட்னு ஃபுளோரைடு வெச்சிருக்கற தாதுக்கள் இருக்கு. தண்ணி பாறை வெடிப்புல எவ்வளவு வருஷம் தேங்குதோ அவ்வளவு ஃபுளோரைடைக் கரைச்சுக்கும். குடிக்கற தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும், அதுக்கு மேல போனா பல்லுல காவிக்கறை, இன்னும் அதிகமா பல வருஷம் குடிச்சா எலும்பு முறுக்கிக்கும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் அந்தக் காவிப்பல்லோட வளர்ந்தவங்க எங்க வயசுல நிறைய பேர். 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தப்புறம்தான் குடிதண்ணி விஷயத்துல மூச்சு விட்டோம்.

அதனால 800 அடியில தண்ணி வந்தாலும், அதை வீட்டுக்கு குடிக்க எடுக்கறீங்கன்னா முதல்ல லேப்ல கொடுத்துப் பாருங்க. பளிங்கு மாதிரி தெளிவா இருக்கறதும் ருசியா இருக்கறதும் ஃபுளோரைடைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. எந்த மின்சார சர்வேயும் இதைச் சொல்லாது. போர் போடறப்ப மேல்பக்க சுக்கான் தண்ணியை முழுசா கேசிங் போட்டு அடைச்சுடறோம், பல இடத்துல அந்த மேல்தண்ணிதான் ஃபுளோரைடு கம்மியா இருக்கறது.

பாறைக்கோடு — 1 ஜூன் 2025

தோப்புக்காரர் வேளாண் பொறியியல் துறையில எழுதிக் கொடுத்து, குறைஞ்ச கட்டணத்துல ரெசிஸ்டிவிட்டி எடுத்துட்டார். இதை எல்லாரும் பண்ணலாம், வரிசையில காத்திருக்கணும், அவ்வளவுதான். அவர் கர்வ் மட்டும் வாங்காம எண்களையும் கேட்டு வாங்கி இங்க போட்டிருக்கார், அதுக்கு அவருக்கு நன்றி. எண் இல்லாம படத்தை மட்டும் கொடுக்கறவங்ககிட்ட காசு கொடுக்காதீங்க.

மேட்டுப்பக்கம், பழைய போருக்குப் பக்கத்துல எடுத்தது. நடுவுல இருந்து வெளிக்கம்பி 3 மீட்டர் தள்ளி இருக்கும்போது 100 ஓம் மீட்டர். 10 மீட்டர்ல 200. 20-ல 400. 40-ல 790. தூரம் ரெண்டு மடங்கானா எண்ணும் ரெண்டு மடங்காகுது பாருங்க. இதுக்கு அர்த்தம், கீழ கரண்ட் நுழையவே முடியாத கெட்டிப் பாறை, கரண்ட் எல்லாம் மேல இருக்கற மெல்லிசான மண்ணுலயே ஓடிட்டு இருக்கு. சுக்கான் நாலரை மீட்டர், 15 அடிதான். உங்க ரெண்டு போருக்கும் கேசிங் 20 அடியோட நின்னுச்சுன்னு சொன்னீங்க, ரெண்டும் ஒத்துப்போகுது. இந்த ஒரு கர்வை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்திருந்தா இங்க போடாதேன்னு சொல்லியிருக்கும். சர்வேயோட பெரிய உபகாரம் எனக்குத் தெரிஞ்சு இந்த "போடாதே"தான், ஆனா அதுக்குக் காசு கொடுக்க யாருக்கும் கை வராது, எல்லாருக்கும் "போடு"ங்கற வார்த்தைதான் வேணும்.

கீழ்மூலை, ஓடைக்குப் பக்கம். 2 மீட்டர்ல 95. 5-ல 58. 10-ல 42. 20-ல 56. 40-ல 106. 60-ல 155. இங்க முதல்ல எண் இறங்குது, அப்புறம் ஏறுது. இறங்கற இடம் ஈரச் சுக்கான். கடைசியில மறுபடி அந்த மடங்குக் கணக்கு வந்துடுது, கீழ கெட்டிப் பாறை. தடிப்பைத் தோராயமாக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: கடைசிப் பக்கம் ஒரு தூரத்தை அதோட எண்ணால வகுங்க, 40-ஐ 106-ஆல வகுத்தா 0.38. அதை சுக்கானோட எண்ணால பெருக்குங்க, 38-னு வெச்சா 14 மீட்டர் சொச்சம். ஆக 50 அடி சுக்கான். 35-லேர்ந்து 40 ஓம் மீட்டர்ங்கறது நம்ம பக்கம் நல்ல அறிகுறி, 10-க்குக் கீழ போயிருந்தா களின்னு பயந்திருப்பேன்.

பாறைக்கோடு — 2 ஜூன் 2025

"அப்ப கீழ்மூலையில போர் போட்டுடலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க. ராத்திரி பூரா அதையே யோசிச்சேன். போர் வேண்டாம்னு தோணுது.

50 அடி சுக்கான், அதுக்குக் கீழ கெட்டிப் பாறை. பாறையில கேப் இருக்கா இல்லயான்னு இந்த கர்வ் சொல்லல, சொல்லவும் முடியாது. 6½ இஞ்ச் ஓட்டையைப் போட்டு 50 அடிக்கு கேசிங் இறக்கினீங்கன்னா, கண்ணுக்குத் தெரிஞ்ச தண்ணியை அடைச்சுட்டு தெரியாத தண்ணியைத் தேடிப் போறீங்க. இங்க கிணறுதான் சரி. 20-க்கு 20 அடி கிணத்துல 30 அடி தண்ணி நின்னா 3.4 லட்சம் லிட்டர், மெதுவா ஊறினாலும் ராத்திரி முழுக்க ஊறிச் சேரும், காலையில சொட்டுநீருக்கு எடுத்துக்கலாம். பாறை தட்டற மட்டத்துல சைடு போர், அதாவது கிணத்துச் சுவர்ல பக்கவாட்டா ஓட்டை, போட்டா ஓடைப் பக்கத்து ஈரமும் உள்ள வரும்.

ஓடைக்கு அந்தப்புறம் இருக்கறவரோட கிணறு எந்த மாசம் வத்துதுன்னு கேட்டு எழுதுங்க. அது மார்ச் வரைக்கும் தாங்குதுன்னா நான் தைரியமா சொல்லுவேன்.

பாறைக்கோடு — 15 ஜூன் 2025

பக்கத்துக் கிணறு மார்ச் கடைசி வரைக்கும் தாங்குதாம், 45 அடி ஆழம், அடியில பாறை. சர்வேயும் கிணறும் ஒரே கதையைச் சொல்லுது, இதுக்கு மேல எனக்கு வேற சாட்சி வேண்டாம்.

நடுவுல ரெண்டு பேர் பழைய போரை என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க. முதல்ல போர் கேமரா விட்டுப் பாருங்க, சுவர்ல ஈரக்கோடு, வெடிப்புக்கோடு எங்கயாவது தெரிஞ்சா ஹைட்ரோ ஃப்ராக்சரிங் பண்ணலாம், அதாவது அழுத்தத்துல தண்ணியை உள்ள தள்ளி அடைஞ்சுபோன வெடிப்பைத் திறக்கறது. குடிநீர் வடிகால் வாரியம் கைபம்பு போர்களுக்கு இதைப் பண்றாங்க. சுவர் முழுக்க வழவழன்னு இருந்தா அதுக்கு செலவு பண்ணாதீங்க. எதுவா இருந்தாலும் போரோட வாயை இன்னைக்கே இரும்பு மூடி போட்டு அடைங்க. சாக்கை சுத்தி கல்லை வெச்சா ஆகாது, சின்னப் பிள்ளைங்க விளையாடற இடம்.

பாறைக்கோடு — 6 ஜூலை 2025

கிணறு வெட்ட ஆரம்பிச்சாச்சுன்னு தோப்புக்காரர் போட்டோ போட்டிருக்கார், 22 அடியில மஞ்சள் சுக்கான், கையில உதிருது, 28-ல ஈரம். கர்வ் சொன்ன வரிசையிலதான் வருது. மழை பிடிக்கறதுக்குள்ள பாறை மட்டத்துக்குப் போயிடுங்க, சுக்கான் சரியற மண்ணு, மேல் 15 அடிக்கு சுத்துச்சுவர் கட்டாம ஆளை உள்ள இறக்காதீங்க. சைடு போரை எந்தப் பக்கம் விடறதுன்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம், பாறை தெரிஞ்சதும் அதுல வெடிப்பு எந்தத் திசையில ஓடுதுன்னு பாத்துட்டு அதைக் குறுக்கா வெட்டற மாதிரி விடணும். போட்டோ எடுக்கறப்ப ஒரு பக்கம் வடக்குன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சு எடுங்க, நான் சொல்றேன்.

இன்னொண்ணு. வெட்டி எடுக்கற மண்ணுல 5 அடிக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி எடுத்து கவர்ல போட்டு, ஆழத்தை எழுதி வைங்க. உங்களைச் சுத்தி இன்னும் மூணு பேர் சர்வேக்கு எழுதிக் கொடுத்திருக்கறதா சொன்னீங்க, அவங்க கர்வைப் படிக்கறவருக்கு அந்தக் கவர்கள் வேணும்.